பதினோராவது சீட்டு: ஒரு டிராஃப்டுக்குத் தயாரான கதை

போன வருஷம் ஆபீஸ் ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில் பன்னிரண்டு பேரில் கடைசிக்கு முந்தின இடம் எனக்கு. அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்போம், நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி. டிராஃப்ட் அன்று, அதாவது முறை வைத்து ஆட்டக்காரர்களை எடுக்கிற நாளில், கைபேசியில் மேலே தெரிந்த பெயரைத் தட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன். கவ்பாய்ஸ் அணியின் ஊரான டாலஸில் குடியிருந்துகொண்டு இது கொஞ்சம் அவமானம்தான். இந்த 2024 சீசனுக்கு மூன்று வாரம் ஒதுக்கி ஒழுங்காக உட்கார்ந்தேன்.

ட்ரீம்11 ஆடியவர்களுக்கு ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே கோலியை நீங்களும் எடுக்கலாம், நானும் எடுக்கலாம். இங்கே ஒருவர் எடுத்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் லீக்கில் வேறு யாருக்கும் கிடையாது. வரிசையும் பாம்பு மாதிரி வளையும்: முதல் சுற்று 1 முதல் 12 வரை, அடுத்தது 12-லிருந்து திரும்பி 1 வரை. குலுக்கலில் எனக்கு விழுந்தது 11. அதாவது 11, 14, 35, 38, 59, 62 என்று போகும். 11-க்கும் 14-க்கும் நடுவில் பன்னிரண்டாவது ஆள் மட்டும் இரண்டு பேரை எடுப்பார். அப்புறம் இருபது பெயர் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

முதல் வாரம். வேறு எதையும் தொடாமல் லீக்கின் புள்ளி விதியைப் படித்தேன். போன வருஷம் இதைக்கூடப் படிக்கவில்லை. பந்தோடு முன்னேறுகிற பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) ஆறு, பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் அரைப் புள்ளி. கவ்பாய்ஸின் சீடீ லாம்பை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 2023-ல் 135 கேட்ச், 1749 யார்டு, 12 டச்டவுன். கேட்சுக்குப் புள்ளியே இல்லாத லீக்கில் இது 246.9. எங்கள் லீக்கில் 314.4. முழுப் புள்ளி தருகிற லீக்கில் 381.9. ஆள் ஒருவர்தான், விலை மூன்று. இணையத்தில் கிடைக்கிற தரவரிசையை அப்படியே இறக்கக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது வாரம். எக்செல் ஷீட். பெயர், அணி, சராசரியாக எத்தனையாவது தேர்வில் போகிறார், அணிக்கு எந்த வாரம் ஓய்வு (பை வீக் என்பார்கள்) எல்லாம் போட்டேன். ஒரு ராத்திரி ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன் போல. ஜமீர் கிப்ஸுக்கு ஒரு ஓய்வு வாரம், அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு வேறொன்று. இருவரும் ஒரே டெட்ராய்ட் லயன்ஸ்! இருநூறு வரியும் குழம்பிக் கிடந்தது. முதலிலிருந்து தட்டினேன். அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறீங்க?"

மாக் டிராஃப்ட், அதாவது இணையத்தில் ஒத்திகை டிராஃப்ட், ஒன்பது ஆடினேன். குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிகிறவர்) அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்பது மூன்றாவதிலேயே புரிந்தது. ஆளுக்கு ஒருவர்தான் களத்தில் இறக்க முடியும், அணிகளோ 32. ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்) அப்படியில்லை. ஆளுக்கு இரண்டு பேர் வேண்டும், நம்பி இறக்கக்கூடியவர்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். பந்தை உதைக்கிற கிக்கர் கடைசிச் சுற்று, அதற்கு மேல் யோசனை வேண்டாம்.

ஆனால் மாக்கில் எதிரே இருப்பது பெரும்பாலும் கணினி. அது பட்டியலைப் பார்த்து எடுக்கும். எங்கள் ஆபீஸ் ஆட்கள் பாசத்தைப் பார்த்து எடுப்பார்கள்.

மூன்றாவது வாரம். அதனால் ஷீட்டில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: யார் எந்த ஊர்க்காரர். சம்பளப் பேச்சு முடியாமல் பயிற்சிக்கு வராமல் இருந்த லாம்ப் ஆகஸ்ட் 26 அன்று நான்கு வருஷத்துக்கு 136 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காபி மெஷின் பக்கம் இருந்த கொண்டாட்டத்தைப் பார்த்ததும் அவர் பெயரை என் பட்டியலில் அடித்துவிட்டேன். பதினொன்று வரை எங்கே வரப்போகிறார்?

பன்னிரண்டாவது சீட்டுக்காரர்தான் எனக்கு முக்கியம். ஃபிலடெல்ஃபியாக்காரர். டாலஸ் ஆபீஸுக்கு அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் தொப்பி போட்டு வருகிற துணிச்சல்காரர். என் கண் இரண்டு ரன்னிங் பேக் மேல்: கிப்ஸ், அந்த மார்ச்சில் நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து ஈகிள்ஸுக்குப் போன சேக்வான் பார்க்லி. எனக்குக் கிப்ஸைத்தான் ஒரு படி கூடப் பிடிக்கும். ஈகிள்ஸில் கோட்டுக்கு ஒரு யார்டு இருந்தால் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸையே பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். 2023-ல் அவர் ஓடியே 15 டச்டவுன் எடுத்தவர். பார்க்லிக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஆனாலும் தொப்பிக்காரர் பார்க்லியை விடமாட்டார், கிப்ஸை விட்டாலும் விடுவார்.

செப்டம்பர் 1, ஞாயிறு. நண்பர் வீட்டு கராஜ், சுவரில் பெரிய அட்டை, பெயர் ஸ்டிக்கர், தேர்வுக்கு 90 வினாடி. லாம்ப் முதல் ஆளாகவே போனார். என் முறை வந்தபோது கிப்ஸ், பார்க்லி இருவரும் இருந்தார்கள். பார்க்லி ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினேன். பக்கத்தில் ஒரு முனகல். தொப்பிக்காரர் நேரம் முடிகிற வரை அட்டையை முறைத்துவிட்டு ஏ.ஜே. பிரவுனை எடுத்தார், அடுத்து ஹர்ட்ஸ். இரண்டும் ஈகிள்ஸ். பதினான்கில் கிப்ஸ் எனக்கு!

ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாக ஷீட்டைக் காட்டினேன். மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனவள் கேட்டாள்: "ரெண்டு பேருக்கும் 5-ன்னு போட்டிருக்கே, அது என்ன?"

ஓய்வு வாரம். ஈகிள்ஸுக்கும் ஐந்தாவது வாரம், லயன்ஸுக்கும் ஐந்தாவது வாரம்.