பேப் ரூத் பிரேயாவுக்கு வந்த நாள்

1924 அக்டோபர் 31. கலிபோர்னியாவில் பிரேயா என்ற சின்ன எண்ணெய்க் கிணற்று ஊர். ஊர் ஜனத்தொகையைவிடப் பல மடங்கு கூட்டம் மைதானத்தில். வந்திருந்தது பேஸ்பால் நட்சத்திரங்கள் பேப் ரூத்தும் பந்து வீச்சாளர் வால்டர் ஜான்சனும்!

அன்றைக்கு மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) அணி இருந்த மேற்குக் கடைசி நகரமே செயின்ட் லூயிஸ்தான். அதைத் தாண்டி இருந்தவர்களுக்கு ரூத் பத்திரிகைப் படம் மட்டுமே. சீசன் முடிந்ததும் வீரர்கள் ரயிலேறி ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடி நல்ல காசு பார்ப்பார்கள். வெளியிலிருந்து வருவது சில நட்சத்திரங்கள்தான். மீதி இடங்களுக்கு உள்ளூர் ஆட்கள். கூட்டத்தை அடக்கத் தவறினால் சிறுவர்கள் உள்ளே ஓடிவந்து ஆட்டமே பாதியில் நின்றுபோகும்.

ஜான்சன் பக்கத்து ஒலிண்டாவில் வளர்ந்தவர், மண்ணின் மைந்தர். அக்டோபர் 10-ல் உலகத் தொடரின் (மேஜர் லீக் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் தொடர்) ஏழாவது ஆட்டத்தில் கடைசி 4 இன்னிங்ஸ் (சுற்று) வீசித் தன் வாஷிங்டன் அணியை ஜெயிக்க வைத்த கையோடு வந்திருந்தார். 37 வயதை நெருங்கியவர், சீசனில் 23 வெற்றி. அந்தத் தோளுக்கு ஓய்வு ஏது? இங்கேயும் அவர் எதிரணிக்குப் பந்து வீசினார்; ரூத் அணி 12-1 என்ற ரன் கணக்கில் வென்றது. ரூத்துக்கு இரண்டு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்).

எல்லோரும் ஹோம் ரன்னையே பேசுகிறார்கள். அன்று முழு ஆட்டமும் பந்து வீசியதும் ரூத்தான். 1916-ல் பாஸ்டன் அணிக்காக 23 வெற்றி பெற்ற இடது கை பிட்சர் (பந்து வீச்சாளர்) அவர். அந்தக் கை எட்டு வருஷம் கழித்தும் ஒரே ஒரு ரன்தான் கொடுத்தது.