அந்த அறுபதாவது வருஷம்

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள், ராமேஸ்வரம் பக்கத்து எங்கள் ஊர் மண்டபத்தின் வடகடலில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஊருக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் பெரியப்பாவோடு அவர் படகில் உட்கார்ந்திருந்தேன். துளிக் காற்று இல்லை, தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. "நாளு நகரவே மாட்டேங்குதுப்பா" என்றார். அது எனக்குள் ரொம்ப நாளாகக் கிடக்கும் கேள்வி: எதுவுமே மாறாவிட்டால் நேரம் போகுமா?

அன்றைக்கு அங்கே எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. நாங்கள் வந்தபோது ஜெட்டித் தூணில் வெளியே தெரிந்த சிப்பி வரிசை, பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. அரிஸ்டாட்டில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். முன், பின் என்று இயக்கத்தை எண்ணுகிற எண்ணிக்கைதான் காலம், இருட்டில் உடம்புக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் மனசுக்குள் ஏதாவது அசைந்தால் நேரம் போனதாகத் தோன்றும் என்கிறார். நியூட்டன் 1687-இல் நேர் எதிராகச் சொன்னார்: எதையும் சாராமல் காலம் தன்பாட்டுக்கு ஒரே சீராக ஓடுகிறது. ஆனால் எல்லாமே நின்றுவிட்டால் கடிகாரமும்தானே நிற்கும், அப்புறம் ஓடியது யாருக்குத் தெரியும்?

தெரியலாம் என்று 1969-இல் சிட்னி ஷூமேக்கர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஒரு கற்பனை உலகம் கட்டிக் காட்டினார். அதில் மூன்று பகுதிகள். ஒன்று மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, அடுத்தது நான்குக்கு, மற்றது ஐந்துக்கு ஒரு தடவை, முழுசாக ஒரு வருஷம் அப்படியே உறைந்துவிடும். உறைந்த ஊருக்குத் தான் உறைந்தது தெரியாது, மற்ற இரண்டு ஊர்க்காரர்கள் பார்த்துச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை மூன்றும் சேர்ந்து உறைய வேண்டும். அந்த ஒரு வருஷம் உலகத்தில் எங்கேயும் எந்த மாற்றமும் இல்லை, ஆனாலும் வருஷம் கழிந்தது என்று நம்ப அங்குள்ளவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. இதை முதல் தடவை படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரியப்பாவிடம் பொறுமையாகச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "சரி, எல்லாமே நின்னுபோச்சுன்னா மறுபடி கட்டவுத்து விடுறது யாருப்பா?" என்றார். இந்த வாதத்தில் எல்லாரும் முட்டி நிற்கிற இடத்தை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். தடை முடிந்தது என்று இங்கே சொல்ல ஆள் இருக்கிறது, நாள் எண்ணுகிற காலண்டர் இருக்கிறது. முழு உலகமும் உறைந்தால் உள்ளே எண்ண ஒரு சிப்பிகூட அசையாது, அப்படியென்றால் ஒரு வருஷம் ஆனதே உலகத்தை எழுப்புகிற காரணமாக இருக்க வேண்டும். நேரம் போனதால் மட்டும் ஒன்று நடக்கும் என்பதை நான் ஏற்கிறேன், அவர் ஏற்கவில்லை. இருட்டும்வரை பேசினோம், தூணில் தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.