தங்கத்துக்கு இல்லை, டயலுக்குத்தான் காசு

நவம்பர் ஜெனிவா ஏலத்துக்கான கேட்லாக் ஒன்று வந்திருக்கிறது. அதில் சுவிஸ் கம்பெனி படெக் ஃபிலிப்பின் கலட்ராவா வாட்ச் ஒன்று, மாடல் நம்பர், அதாவது ரெஃபரன்ஸ், 96. 1940களில் செய்த மஞ்சள் தங்கம், கறுப்புத் தோல் ஸ்ட்ராப், 6 மணி இடத்தில் குட்டி விநாடி முள், அவ்வளவுதான், தேதிகூடக் கிடையாது. விட்டம் சுமார் 31 மில்லிமீட்டர். ஆபீஸில் படத்தைக் காட்டினால் பக்கத்து மேசை அண்ணன், "என்ன தம்பி, எங்க அம்மா கட்டின வாட்ச் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு காசு?" என்கிறார். அவர் கட்டியிருப்பது தோசைக்கல் சைஸில் ஒரு டைவர் வாட்ச். நீச்சல் குளத்துப் பக்கமே போகமாட்டார், அது வேறு விஷயம்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டு நகைக்கடைக்குப் பழைய சங்கிலியைக் கொண்டுபோனால் தராசில் வைப்பார்கள், அன்றைய விலையைப் பெருக்குவார்கள், முடிந்தது. இந்த வாட்ச்சில் உள்ள தங்கத்தை அப்படி நிறுத்தால் கேட்கும் விலையில் ஒரு ஓரம்கூடத் தேறாது. அபூர்வமான மாடலா என்றால் அதுவும் இல்லை. 1932-ல் தொடங்கி 1973 வரை இதைச் செய்துகொண்டே இருந்தார்கள், ஏலத்துக்கு ஏலம் ஒன்றாவது வரும். அப்புறம் எதற்குத்தான் காசு? என்னைக் கேட்டால் முக்கால்வாசி டயலுக்கு.

1932-ல்தான் ஸ்டெர்ன் சகோதரர்கள் படெக் கம்பெனியையே வாங்கினார்கள். அதற்கு முன்னால் அவர்கள் அந்தக் கம்பெனிக்கு டயல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். 96 வந்ததும் அதே வருடம். டயல்காரர்கள் கைக்கு வந்த கம்பெனி ஒரு வாட்ச்சை இவ்வளவு வெறுமையாக விட்டிருக்கிறது என்றால், மறைக்க எதுவும் இல்லை என்ற தைரியம்தான்.

அந்தக் காலத்து டயலில் பெயரையும் நிமிடக் கோடுகளையும் சும்மா அச்சடிக்கவில்லை. உலோகத்தில் பள்ளமாகச் செதுக்கி, அதில் எனாமல் நிரப்பி, சூளையில் சுட்டு எடுத்தார்கள். லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்து லேசாகப் புடைத்து, பளபளவென்று தெரியும். பின்னாளில் யாரோ ஒருவர் கறை போகட்டும் என்று தேய்த்துவிட்டால் அந்த எனாமலும் சேர்ந்து தேயும், எழுத்து மெலியும், அங்கங்கே அறுந்துபோகும். பல டயல்களில் பெயருக்குக் கீழே பிரெஞ்சில் ஜெனிவா என்று இருக்கும், அதில் ஓர் எழுத்தின் தலையில் பொடியாக ஒரு சாய்கோடு வரும். முதலில் காணாமல்போவது பெரும்பாலும் அதுதான். இந்த லாட்டின், அதாவது ஏலத்துக்கு வரும் இந்த வாட்ச்சின், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சாய்கோடு பாதிதான் இருக்கிறது. கேட்லாக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "வயதுக்கேற்ற நல்ல நிலை" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் வாட்ச்சின் நிலையை விவரிக்கும் கண்டிஷன் ரிப்போர்ட் கேட்டு ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள் என்கிறேன். இலவசம்தான், கேட்டால் அனுப்புவார்கள்.

இன்னொன்று, பெயர் எழுதியிருக்கும் விதம். சுமார் 1948 வரை "அண்ட் கோ" சேர்த்து நீளமாகப் போட்டார்கள், பிறகு சுருக்கிவிட்டார்கள். 1938-ல் விற்ற வாட்ச்சில் சுருக்கமான பெயர் இருந்தால் டயலைப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எந்த வருடம் செய்தது, எப்போது விற்றது என்று கம்பெனியே பழைய பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்று தரும். ஆனால் அது மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) நம்பருக்கும் கேஸ் (வெளிக்கூடு) நம்பருக்கும் மட்டும்தான் சாட்சி, இன்றைக்கு உள்ளே இருக்கும் டயல் முதலில் வந்ததேதானா என்று அது சொல்லாது. சான்று இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுபவர்கள் நிறையப் பேர்.

கேஸ் பற்றிச் சுருக்கமாக: ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கொம்புகளான லக் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் 18 காரட் தங்கத்துக்கு அடித்த ஹெல்வெட்டியா பெண் தலை முத்திரை மூக்கும் முழியுமாகத் தெரிய வேண்டும். வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

31 மில்லிமீட்டர் கைக்கு எப்படி இருக்கும் என்று சந்தேகமா, பெனின்சுலா பிளாசா பக்கம் பழைய வாட்ச் கடைகளில் அந்த அளவில் ஏதாவது ஒன்றைக் கட்டிப் பாருங்கள். படெக்தான் வேண்டும் என்பதில்லை, அளவுதான் முக்கியம். எனக்குச் சரியாகவே இருக்கிறது, முழுக்கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் போய்விடும்.

விலைக்கு வருவோம். சுத்தியல் 20,000 ஃபிராங்கில் விழுந்தது என்றால் நீங்கள் கொடுப்பது 20,000 இல்லை. அதன்மேல் வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கமிஷன், பையர்ஸ் பிரீமியம், சுமார் கால் பங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே. ஆக 25,000. சிங்கப்பூருக்குள் கொண்டுவரும்போது 9 சதவீத ஜிஎஸ்டி, 27,250. கூரியரும் இன்சூரன்சும் தனி, அவற்றையும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி கணக்கிடுவார்கள்.

ஏலம் ஜெனிவாவில் மதியம் 2 மணிக்கு ஆரம்பித்தால் நவம்பரில் நமக்கு இரவு 9. சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு போனைத் தட்டும் நேரம், கை தானாக மேலே மேலே போகும். நான் முன்கூட்டியே எழுத்தில் ஒரு உச்ச விலை கொடுத்துவிடுவேன், பிரீமியம், வரி எல்லாம் கழித்த கணக்கில். இந்த லாட்டுக்கு மட்டும் கொடுக்கப்போவதில்லை, அந்தச் சாய்கோட்டைப் பற்றி ரிப்போர்ட்டில் தெளிவாக ஏதாவது எழுதி வந்தால் பார்க்கலாம்.