தீவின் நடுவில் உப்பு

போட்ஸ்வானாவின் வடக்கே மவுன் என்று ஒரு ஊர். அங்கே இருந்துகொண்டு, ஒகவாங்கோ டெல்டாவுக்குள் இருக்கும் சுற்றுலா முகாம்களின் போர்வெல், பம்ப், ஆர்ஓ மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிங்கம் பார்க்க வருகிறவர்கள் ஏறும் அதே குட்டி விமானத்தில்தான் நானும் ஏறுவேன். அவர்கள் மடியில் கேமரா இருக்கும், என் மடியில் மெம்பிரேன் ஃபில்டர். கெட்டியான பெட்டி கூடாது, துணிப்பைதான், அதிலும் எடைக் கணக்கு உண்டு. ஆகவே ஸ்பேனர்களில் எதை விட்டுப்போவது என்பதே பெரிய யோசனை.

ஒகவாங்கோ ஆறு கடலுக்குப் போவதில்லை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி, ஒன்றாகி, நமீபியாவின் ஒரு துண்டு நிலத்தைத் தாண்டி மோஹெம்போவில் போட்ஸ்வானாவுக்குள் வருகிறது. அப்புறம் கலஹாரி மணலில் விசிறி மாதிரி விரிந்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தரை அவ்வளவு மட்டம். சுமார் 250 கிலோமீட்டருக்கு 60 மீட்டர்தான் சரிவு. அதனால் அங்கோலாவில் ஜனவரி, பிப்ரவரியில் கொட்டிய மழை மவுனை எட்டிப்பார்க்க ஜூன், ஜூலை ஆகிவிடும். இங்கே அது குளிர்காலம், வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. மழையில்லாத மாதங்களில்தான் ஜீப் போகும் பாதை மூழ்கும். முதல் வருடம் எனக்கு இது கொஞ்சமும் பிடிபடவில்லை. டீசல் பம்ப், தொட்டி மாதிரி கனமான சாமான்களையெல்லாம் வெள்ளம் வருவதற்குள் லாரியில் உள்ளே ஏற்றிவிட வேண்டும். தவறினால் படகுதான்.

வருகிற தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. கொஞ்சம் சூரியன் நேரே உறிஞ்சுகிறது, மீதியைப் புல்லும் மரமும் குடித்து வெளியே விடுகின்றன. என் தொழிலில் இருப்பவனுக்கு உடனே வரும் கேள்வி, அப்படியானால் உப்பு எங்கே? தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருப்பது ஆவியாகாது. வருடத்துக்கு லட்சக்கணக்கான டன் கரைந்து வருகிறது. கணக்குப்படி இந்த இடம் எப்போதோ உப்பளமாகியிருக்க வேண்டும். தென்கிழக்கே மக்கடிக்கடி அப்படித்தான் ஆகிக் கிடக்கிறது, கண் கூசும் வெள்ளை வெளி. ஆனால் டெல்டாவின் ஓடையில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் நூறை ஒட்டித்தான் காட்டும். அடியில் வெள்ளை மணல் தெரியும், அல்லித் தண்டு தரைவரை தெரியும். நம் ஊரில் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர் அளவுக்கு இருக்கும். நான் ராமநாதபுரத்துக்காரன், உப்புத் தண்ணீர் போர் எனக்குப் புதிதல்ல. நல்ல தண்ணீர்தான் புதிது.

விடை ஒரு முகாமில் கிடைத்தது. நான் வருவதற்கு முன்பே அங்கே தீவின் நட்டநடுவில் போர் போட்டிருந்தார்கள். மேடான இடம், வெள்ளம் ஏறாது, சமையலறைக்குப் பக்கம். யோசனை தப்பில்லைதான். ஆனால் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, சோப்பு போட்டது மாதிரி வழவழக்கும். சோடியம் பைகார்பனேட் ஏறிய தண்ணீர் அப்படித்தான் இருக்கும். ஷவர் தலைகள் அடைத்துக்கொள்ளும், மெம்பிரேன் மாற்றி மாளாது. புது இடம் தேடி மீட்டரோடு நான் சுற்றிக்கொண்டிருந்தபோது, முகாமின் மூத்த மொகோரோ ஓட்டி கூடவே வந்தார். வாயேயி இனத்துப் பெரியவர், ஓடைகளில் நீள்படகு தள்ளியே வயதானவர்.

“என்ன ரா, மண்ணைப் பார்க்கிறீர்கள்? மரத்தைப் பாருங்கள்” என்றார். ‘ரா’ என்றால் இங்கே ‘ஐயா’.

கரையிலிருந்து உள்ளே நடத்திக் கூட்டிப்போனார். தண்ணீரை ஒட்டி ஈச்சை, அத்தி, கருங்காலி வகையான ஜாக்கல்பெரி என்று அடர்த்தியான நிழல். சிறிது தூரத்தில் மரங்கள் குறைந்து விசிறி ஓலைப் பனை மட்டும். பெண்கள் கூடை முடைவது இதன் குருத்தில்தான். இன்னும் உள்ளே போனால் அதுவும் இல்லை. முள் மாதிரி குத்தும் ஒரு புல், பிறகு மொட்டைத் தரை. மண்ணின் மேல் சாம்பல் தூவியது போல வெள்ளைப் பொருக்கு. காலால் தட்டினால் உடைந்தது, நாக்கில் வைத்தால் கரித்தது. பழைய போர் அங்கிருந்து பத்தடிதான்.

“யானை இங்கே தண்ணீருக்குத் தோண்டிப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இதை விஞ்ஞானிகள் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் தெரன்ஸ் மெக்கார்த்தி, அவருடன் வில்லியம் எல்லரி. பல தீவுகளின் தொடக்கம் கறையான் புற்றுதானாம். வெள்ளத்துக்கு மேல் தலை நீட்டும் புற்றில் பறவை உட்காரும், விதை விழும், மரம் வரும். மரம் வேரால் இழுக்க இழுக்க, சுற்றிலும் உள்ள தண்ணீர் தீவின் அடிக்கு நகர்கிறது. சுண்ணாம்பும் சிலிக்காவும் ஓரத்து வேர்களின் கீழே படிந்து தீவை மேலே உயர்த்துகின்றன. மிச்சமுள்ள சோடியம் நடுவுக்குத் தள்ளப்பட்டு, கெட்டியாகி, பாரம் தாங்காமல் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆயிரக்கணக்கான தீவுகளில் இது நடந்துகொண்டே இருப்பதால்தான் ஓடை இனிக்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் சிங்கம் நீந்துகிறது, மீன்கழுகு பாய்கிறது, மொகோரோ மிதக்கிறது. கறையானுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. எனக்கு அதில் வருத்தமுண்டு.

மற்ற விலங்குகளும் என் வேலைக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். நீர்யானை இரவில் போய்வரும் தடமே நாளடைவில் வாய்க்கால் ஆகும். பாப்பிரஸ் கோரை மண்டி, மணல் ஏறி, இன்னொரு ஓடை அடைபடும். போன வருடம் பம்ப் வைத்த கரையில் இந்த வருடம் தண்ணீர் இருக்குமென்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. யானைக்கு, புதைத்த பைப்பில் தண்ணீர் ஓடுவது எப்படியோ தெரிந்துவிடுகிறது. பிடுங்கி, குடித்து, மிதித்துவிட்டுப் போகும். லெச்வே மான்கள் மட்டும் எந்தத் தொந்தரவும் தராதவை. முழங்கால் தண்ணீரில் கூட்டமாக ஓடும் சத்தம் கேட்டால் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

அந்த முகாமில் ஓரத்து மரங்களுக்குக் கீழே புது போர் போட்டோம். தண்ணீர் நன்றாக வந்தது. ஓரத்தில் போட்டால் வேறு கவலை உண்டு. மணல் சல்லடை மாதிரி, அதனால் செப்டிக் டேங்கைத் தூரத் தள்ள வேண்டும். வெள்ளம் ஏறினால் போர் தலை மூழ்காதபடி உயர்த்திக் கட்ட வேண்டும். அதெல்லாம் செய்துவிடலாம். எனக்குப் பெரிய தலைவலி ஆர்ஓ. ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்தால் மறுபக்கம் உப்பு ஏறிய கழிவுத் தண்ணீர் வருமே, அதை எங்கே விடுவது? ஓடையில் விடவே கூடாது. அதனால் குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் சின்ன மெஷின் போதும், குளிக்கவும் துணி துவைக்கவும் போர் தண்ணீரே போகட்டும் என்று ஒவ்வொரு மேனேஜரிடமும் மல்லுக்கட்டுகிறேன். சிலர் கேட்பார்கள். சிலருக்கு விருந்தாளியின் குளியலறைக் கண்ணாடியில் கறை விழக்கூடாது.

புது இடம் குறிக்க இப்போது யாராவது கூப்பிட்டால், முதலில் தீவின் ஓரத்து மரங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பாதிப் படங்களில் மரத்தை மறைத்துக்கொண்டு ஒரு யானை நிற்கும். மேனேஜர் அதைத்தான் பெருமையாக அனுப்பியிருப்பார். மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.