குளத்தின் எந்தக் கரையில் கடை?

பொது நீச்சல் குளத்தருகே கோடைக்குப் பானக் கடை ஒன்றை வடிவமைக்கிறேன் என்றால், எல்லோரும் கூரையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கடை எந்தக் கரையில் நிற்கப் போகிறது என்பதையே நான் முதலில் தீர்மானிக்கிறேன். பெங்களூரில் அது மேற்குக் கரையாக இருக்க வேண்டும், கவுண்டர் கிழக்கே தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உச்சி வெயிலை அகலமான கூரை ஒன்று தடுத்துவிடும். மூன்று மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் கூரைக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் குளத்தை மொய்ப்பதும் அந்த நேரத்தில்தான். கடை கிழக்குக் கரையில் இருந்தால் அந்த வெயில் நேராகவும் அடிக்கும், தண்ணீரில் பட்டும் கண்ணைக் கூசச் செய்யும். சூரியன் தாழத் தாழ நீர்ப்பரப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புவதால், ஐந்து மணிக்குக் குழந்தை எங்கே நீந்துகிறது என்பதே பெற்றோருக்குத் தெரியாது. மேற்குக் கரையிலோ பின்சுவர் வெயிலைத் தாங்கிக்கொள்கிறது, கடையின் நிழல் மோர் வாங்க நிற்பவர்கள்மீது விழுகிறது, தண்ணீரும் தெளிவாகத் தெரிகிறது.

அந்தச் சுவருக்குப் பின்னால் புங்கமரம் இருந்தால் நல்லது. கோடை தொடங்கும்போதே அது புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும். ஆனால் அதன் பூக்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் விழும் பூவும் இலையும் குளோரினை வீணடிக்கும் என்பதால் கிளைகள் குளத்தின்மேல் நீளக் கூடாது.

தகரக் கூரை போட்டால், அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாயைக் கட்டி, சூடான காற்று வெளியேற மேல்விளிம்பைத் திறந்துவிட வேண்டும். தரைக்கு வழவழப்பில்லாத சாதரஹள்ளிக் கல் (பெங்களூர்ப் பக்கத்துக் கருங்கல்) போதும். ஈரக் கால் வழுக்காது. சிந்திய ஜூஸ் குளத்துக்குள் ஓடாதபடி தரைச் சரிவு குளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கண்ணாடிக் குவளைகள் கூடவே கூடாது.

பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் இளநீர் விற்கும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஐஸ் பெட்டிய எங்க வைக்கிறது தம்பி?" என்று கேட்டார். மேற்குச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. மாலையில் அந்தச் சுவர் உள்ளேயும் அனலை விடும். தெற்குச் சுவரே சரியான இடம். பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நாள் முழுவதும் வடக்கே சாய்ந்தே செல்கிறது. அந்த மாதங்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் படுவதில்லை. மார்ச் மாதத்து உச்சி வெயிலுக்கு இரண்டடி இறவாரம் போதும் என்று சொல்லி, பெட்டியின் இடத்தை அவர் முன்னாலேயே குறித்துக் கொடுத்தேன்.