151 நிமிஷமா, 182 நிமிஷமா: பேட்மேன் வி சூப்பர்மேனில் எதைப் போடுவது?

தடைக்காலம் வந்துவிட்டால் ராமநாதபுரம் கடற்கரையில் படம் பார்ப்பதும் படத்தைப் பற்றிச் சண்டை போடுவதும் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். பிள்ளைகளுக்கு லீவும் அதோடு சேர்ந்துகொள்ளும். மண்டபமோ கீழக்கரையோ தொண்டியோ, பேச்சு சூப்பர்ஹீரோ படங்கள் பக்கம் திரும்பினால் இரண்டு கட்சி பிரிவது ஒரு படத்துக்குத்தான்: ‘பேட்மேன் வி சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’. ஒரு கட்சிக்கு அது காவியம், இன்னொரு கட்சிக்குக் குப்பை.

இந்தச் சண்டையில் பாதிக்குக் காரணம், ஆளுக்கொரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுவதுதான். 2016 மார்ச் 25-ல் தியேட்டருக்கு வந்தது 151 நிமிஷம். அதே வருஷம் ஜூன் கடைசியில் டிஜிட்டலிலும் ஜூலையில் டிஸ்க்கிலும் வந்த ‘அல்டிமேட் எடிஷன்’ 182 நிமிஷம். கூடுதலாக வந்த அரை மணி நேரம் சும்மா ஒட்டவைத்த சண்டைக் காட்சிகள் அல்ல. கதை புரியவில்லை என்று திட்டியவர்களுக்கு அது பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறது. பேட்மேன் ஆளைக் கொல்லலாமா என்று திட்டியவர்களுக்கு ஒரு பதிலும் சொல்வதில்லை. நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால், மூன்று மணி நேரம் உட்காரலாமா வேண்டாமா என்பது முடிவாகிவிடும். இனி கதையை உடைத்துத்தான் பேச வேண்டும்; பார்க்காதவர்கள் டிஸ்க் வாங்கும் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

முதல் ஓட்டை நைரோமி என்ற ஆப்பிரிக்க நாட்டுக் காட்சியில். சூப்பர்மேனின் காதலியும் நிருபருமான லோயிஸ் லேன் ஒரு கிளர்ச்சித் தலைவனைப் பேட்டி எடுக்கப் போகிறாள். கூட வந்த போட்டோகிராபர் சிஐஏ ஆள் என்று தெரிந்து சுட்டுக் கொல்லப்படுகிறான். வில்லன் லெக்ஸ் லூத்தரின் கூலிப்படைக்காரன் க்னியாசெவும் அவன் ஆட்களும் அங்கிருந்தவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். சூப்பர்மேன் வந்து லோயிஸைக் காப்பாற்றுகிறான். அடுத்து வாஷிங்டனில் விசாரணை. பழி சூப்பர்மேன் தலையில் விழுகிறது. தியேட்டரில் பார்த்த எல்லோரும் கேட்ட கேள்வி, பறக்கிறவன் எதற்குத் துப்பாக்கியால் சுட வேண்டும் என்பது. குண்டு பாய்ந்த பிணங்களுக்கு அவன் எப்படிப் பொறுப்பு?

182 நிமிஷ வெர்ஷனில் சில நொடிகள்தான் கூடுதல். கூலிப்படை பிணங்களைக் குவித்து, தீ கக்கும் கருவியால் கருக்குகிறது. சூப்பர்மேனின் கண்ணிலிருந்து வரும் அனல் எரித்தது போல் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அந்த ஒரு ஷாட் இல்லாததால்தான் மொத்த விசாரணையும் தியேட்டரில் அந்தரத்தில் தொங்கியது. எடிட்டிங் மேஜையில் எதை வெட்டலாம், எதை வெட்டவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்தது விசாரணையில் சாட்சி சொல்லும் கஹினா ஸிரி. தியேட்டர் வெர்ஷனில் வருகிறாள், அழுகிறாள், காணாமல் போகிறாள். நீளமானதில், சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று விசாரணையை நடத்தும் செனட்டர் ஃபின்ச்சிடம் ஒப்புக்கொள்கிறாள். பிறகு ரயில் முன்னால் தள்ளிக் கொல்லப்படுகிறாள். ஃபின்ச்சுக்கு லூத்தர்மேல் சந்தேகம் முற்றுவது எதனால் என்பது இப்போது விளங்கும்.

பேட்மேன் சூடு போட்ட குற்றவாளி சிறைக்குள் கொல்லப்படுவதும் அப்படித்தான். பேட்மேன் குறி விழுந்தவனைச் சக கைதிகளே முடித்துவிடுவார்கள் போல என்று தியேட்டரில் நினைத்தோம். அதை லூத்தரின் ஆள் ஏற்பாடு செய்வது 182-ல் தெரிகிறது. கிளார்க் கென்ட், அதாவது நிருபர் வேஷத்தில் இருக்கும் சூப்பர்மேன், பேட்மேனின் ஊரான காதம் நகரத்துக்கே போய், செத்தவனின் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்கிறான். அவன் நிருபர் என்பதே தியேட்டர் வெர்ஷனில் மறந்துபோயிருந்தது. பேட்மேன்மீது அவனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை.

விசாரணை நடக்கும் கேபிடல் கட்டடத்தின் வெடிப்பு இன்னொரு இடம். குண்டு வைத்த சக்கர நாற்காலியில் வருகிறவன் வாலஸ் கீஃப். சுவரைத் துளைத்துப் பார்க்கும் சூப்பர்மேனுக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டு தெரியாதா என்று கேட்காதவர் இல்லை. நாற்காலியின் உட்புறம் ஈயத்தால் மூடப்பட்டிருந்ததை ஸ்டார் லேப்ஸ் விஞ்ஞானி ஜெனட் க்ளைபர்ன் லோயிஸிடம் சொல்லும் காட்சி தியேட்டரில் இல்லை. ஜெனா மலோன் நடித்த அந்தப் பாத்திரமே முழுசாக வெட்டுப்பட்டது. ஈயத்தைத் தாண்டி சூப்பர்மேனால் பார்க்க முடியாது. கீஃப் புதிதாக மளிகைச் சாமான் வாங்கி வைத்திருந்ததையும் லோயிஸ் கவனிக்கிறாள். சாகப் போகிறவன் அடுத்த வாரத்துக்கு ஏன் சாமான் வாங்குகிறான்? அவனுக்கே குண்டு இருப்பது தெரியாது என்பது அந்த இடத்தில் பிடிபடும். வெடித்த பிறகு தியேட்டர் சூப்பர்மேன் தீக்கு நடுவே நின்றுவிட்டு மறைந்துபோவான். நீளமானதில் காயம்பட்டவர்களை வெளியே தூக்கி வருகிறான். இதெல்லாம் சேர்ந்தால் லூத்தர் போட்டது ஒரே வலை என்பது தெரிகிறது.

இனி 182-ஆலும் தேறாத சமாச்சாரங்கள். பேட்மேன் காரில் துரத்தும்போதும் கிடங்குச் சண்டையிலும் ஆட்கள் சாகிறார்கள். நீளமானதில் ரத்தம் கொஞ்சம் கூடுதலே தவிரக் குறைவு இல்லை. பாலைவனக் கனவுக் காட்சி அடுத்த படத்துக்கான விளம்பரமாகவே நிற்கிறது. மோதலுக்கு முந்தைய நேரத்தில் வொண்டர் வுமன் கம்ப்யூட்டரில் மற்ற ஹீரோக்களின் வீடியோக்களைத் திறந்து பார்ப்பது, ஓடுகிற வண்டிக்கு நடுரோட்டில் கட்டை போட்ட மாதிரி. சூப்பர்மேனைக் கொல்ல பேட்மேன் செய்த ஈட்டியை லோயிஸ் தண்ணீரில் எறிந்துவிட்டு, பிறகு அதையே எடுக்க முங்குவதும் அப்படியே இருக்கிறது. லூத்தராக ஜெஸ்ஸி ஐசன்பெர்க் காட்டும் சேட்டை பிடிக்காதவர்களுக்கு அரை மணி நேரம் கூடுதல் தண்டனை.

‘மார்த்தா’ காட்சிக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேரின் அம்மா பெயரும் மார்த்தா; சாகப் போகும் சூப்பர்மேன் அந்தப் பெயரைச் சொன்னதும் பேட்மேன் கையை நிறுத்திவிடுகிறான். அம்மா சென்டிமென்ட் நமக்குப் புதிதல்ல. அதற்கு உருகுகிற ஆட்களே இந்த இடத்தில் சிரித்தார்கள். சென்டிமென்ட் தப்பில்லை, அதற்கு முன்னால் போட வேண்டிய அஸ்திவாரம் போதவில்லை. நீளமான வெர்ஷனில் கிளார்க் ராத்திரியில் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசும் சின்னக் காட்சி இருக்கிறது. அது உதவுகிறது, ஆனால் போதாது.

நம் பக்கத்து ஆட்கள் கவனிக்கிற இன்னொன்று: சூப்பர்மேனைச் சாய்க்கும் பச்சைக் கல் கிடைப்பதே இந்தியப் பெருங்கடலில்தான். ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் அங்கே விழுந்த இயந்திரத்தின் சிதிலத்துக்குள் ஒரு பையன் முங்கிப் பார்க்கிறான். சங்கு குளிக்கிற குடும்பங்கள் உள்ள ஊர்களில் இந்தக் காட்சிக்குத் தனி விமர்சனம் உண்டு.

வசூல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர். இரண்டாவது வாரம் கிட்டத்தட்ட 69 சதவீதம் சரிவு. உலகம் முழுக்க 87 கோடி டாலர் சொச்சம். பார்க்காமல் விட்ட படம் அல்ல. பார்த்துவிட்டு, மற்றவர்களைப் போகச் சொல்லாத படம்.

எந்த வெர்ஷன் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, உறையை நம்பாமல் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு வெர்ஷனும் தனித்தனி டிஸ்க்கில் வருவதுண்டு. ‘பால்’ (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியாக இருந்தால் நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 25 ஓடும். 151 நிமிஷம் 145 ஆகவும், 182 நிமிஷம் 175 ஆகவும் காட்டும். வெட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். போட்ட பிறகு உறுதி செய்ய நைரோமி காட்சியே போதும்: போட்டோகிராபர் தன் பெயர் ஜிம்மி ஓல்சன் என்று சொன்னாலோ, பிணங்கள் எரிக்கப்பட்டாலோ, அது நீளமானது.

வளைகுடாவிலிருந்து வரும் டிஸ்க் என்றால் இன்னொரு சிக்கல். டிஸ்க்குகளை உலக மண்டல வாரியாகப் பூட்டி விற்பார்கள். டிவிடியில் இந்தியா ஐந்தாம் மண்டலம், வளைகுடா நாடுகள் இரண்டாம் மண்டலம். பூட்டு உள்ள பிளேயரில் ஓடாது. ப்ளூரேயில் நமக்கு ‘சி’, அவர்களுக்கு ‘பி’. ஆனால் எல்லா ப்ளூரேயிலும் பூட்டுப் போடுவதில்லை, பெட்டியின் பின்பக்கக் குறியைப் பார்த்தால் தெரியும். 4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. மச்சானிடம் வாங்கிவரச் சொல்வதானால் அதைச் சொல்லுங்கள், பிளேயர் 4கே ஆக இருந்தால். தமிழில் பார்க்க வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன்பே மொழிப் பட்டியலைப் பாருங்கள். தியேட்டரில் வந்த தமிழ் டப்பிங் குறைந்த நேர வெர்ஷனுக்குச் செய்தது.

சப்டைட்டில் பொருந்தாமல் போவதில் இரண்டு வகை. இடைவெளி நிமிஷத்துக்கு இரண்டரை நொடி போல ஒரே சீராக வளர்ந்தால், 24-க்கும் 25-க்கும் உள்ள பிரேம் வித்தியாசம். கொஞ்ச நேரம் சரியாக ஓடி, ஒரு காட்சி முடிந்ததும் குபீரென்று தாவினால், 151-க்கான சப்டைட்டில் 182-ன் மேல் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ‘ஜி’, ‘எச்’ பொத்தான்களை அழுத்தி நகர்த்தினாலும் அடுத்த கூடுதல் காட்சியில் மறுபடி தாவும். அதற்குச் சரியான கோப்பைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

போன் டேட்டாவில் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2 எம்பிபிஎஸ் தரத்தில் 182 நிமிஷத்துக்கு 2.7 ஜிபி, 5 எம்பிபிஎஸ் தரத்தில் 6.8 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் என்றால் குறைந்த தரத்திலேயே 100 நிமிஷத்தில் தீரும். இரண்டு ராத்திரியாகப் பிரிப்பதானால் கேபிடல் வெடிப்பில் நிறுத்துங்கள். மாடியில் திரை கட்டிப் பார்த்தால் இன்டர்வல் விடவும் அதுதான் இடம். மோதல் தொடங்கவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும், அந்த மோதலோ பத்து நிமிஷம்கூட இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பசங்க பாதியில் எழுந்து போக மாட்டார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு 182 வேண்டாம். அமெரிக்காவிலேயே அதற்கு ‘ஆர்’ சான்றிதழ், 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்.

மாடியில் திரை கட்டும்போது: இந்தப் படத்தின் அகல விகிதம் 2.39, அதாவது உயரத்தைப் போல் 2.39 மடங்கு அகலம். 10 அடி அகலத் திரையில் படத்தின் உயரம் 4.2 அடிதான். வழக்கமான 5.6 அடி உயரத் துணி கட்டினால் மிச்சம் உள்ளது கச்சான் காற்றுக்குப் பாய்தான் விரிக்கும். துணியின் அடியில் மணல் நிரப்பிய பிவிசி குழாய் கோத்து, பின்னால் பழைய வலையை இழுத்துக் கட்டினால் துணி பின்பக்கம் உப்பாது. லென்ஸில் உப்பு படிந்திருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், ஊதிவிட்டு ஈரமான மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். படம் இருட்டு அதிகம் என்பதால் பௌர்ணமியை ஒட்டி வேண்டாம், எட்டு மணிக்கு முன்னால் தொடங்கவும் வேண்டாம். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் சேர்ந்து 350 வாட் என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஆயிரம் வாட்-மணிக்கு மேல் மின்சாரம் வேண்டும். புது 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி தாங்கும், பழசு கடைசிச் சண்டையைக் காட்டாமல் படுத்துவிடும். வீட்டு ஆட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்கே போட்டுக் காட்ட வீட்டு டிஸ்க்குக்கு உரிமை கிடையாது.

2021-ல் வந்த 4கே பதிப்பில் இமாக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் மட்டும் 1.43 விகிதத்துக்கு மேலும் கீழும் விரியும். டிவியில் அப்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதே வருஷம் மார்ச்சில் வந்த, இதே இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் ‘ஜஸ்டிஸ் லீக்’ 242 நிமிஷமும் அப்படிச் சதுரமாகத்தான் ஓடும், விகிதம் 1.33. இந்த இரண்டுக்கும், முன்பு சொன்ன 4.2 அடிக் கணக்கு செல்லாது, 5.6 அடித் துணியே வேண்டும். அதில் ‘ஜஸ்டிஸ் லீக்’ 7.5 அடி அகலத்துக்கு வரும். பட்டையை மறைக்க ரிமோட்டில் ஜூமைப் போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும்.