மேக் அப்: பட்டியல் வேண்டாம், பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

பாங்க் தேர்வு ரிசல்ட்டில் என் நம்பர் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நான் பணம் கட்டிப் படித்த கோச்சிங் சென்டர் இனி பிட் நோட்டீஸில் என் போட்டோவைப் போட்டுக்கொள்ளும். போடட்டும். அவர்கள் கொடுத்த ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு அப், இன் போன்ற சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஆங்கிலத் தொடர்) பட்டியலை மட்டும் யாரும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

அதில் 'மேக் அப்' எதிரே 'இட்டுக்கட்டுதல்' என்று மட்டும் இருந்தது. மூன்று வாக்கியம் கொடுத்து எதெது சரி என்று கேட்டால், மூன்றுமே சரியாக இருக்கலாம். பட்டியலை நம்பினவன் ஒன்றை மட்டும் டிக் அடிப்பான். தப்பான விடைக்குக் கால் மார்க்கும் போகும்.

நான் பொருளையே தேடமாட்டேன். அக்கம்பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன்.

- கதை, சாக்கு வந்தால் இட்டுக்கட்டுவது. மேட் அப் அன் எக்ஸ்க்யூஸ்.
- மைண்ட் வந்தால் முடிவெடுப்பது.
- ஃபார் வந்தால் ஈடுகட்டுவது. தாமதமான நெல்லை எக்ஸ்பிரஸ் மதுரை தாண்டி வேகமெடுத்தால், மேட் அப் ஃபார் லாஸ்ட் டைம்.
- பின்னால் எதுவுமே இல்லை, முன்னால் இரண்டு பேர்: சமாதானம். பேச்சுவார்த்தை இல்லாத அப்பாவும் சித்தப்பாவும் ஆனித் தேரோட்டத்தில் பேசிக்கொண்டால், தே மேட் அப்.
- பங்கு, சதவீதம் வந்தால் அது மொத்தத்தின் பகுதி. மொத்தத்தை முன்னால் வைத்துத் திருப்பிப் போட்டால் இஸ் மேட் அப் ஆஃப். இந்தப் பொருளில் 'பை' வந்தால் பிழை.

பவுடர் பூசுகிற மேக்கப், பெயர்ச்சொல்லாக வரும்போது சேர்த்தோ நடுவில் கோடு போட்டோ எழுதப்படும்.

வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கிற எரர் ஸ்பாட்டிங்குக்கு ஒன்று: மேட் இட் அப் சரி, மேட் அப் இட் தவறு. ஆனால் ஃபார் இருந்தால் இட் கடைசிக்குப் போய்விடும்: மேட் அப் ஃபார் இட். இதை வகுப்பில் யாரும் சொல்லவே இல்லை.

குரூப் ஸ்டடி எனக்கு ஆகாது. நாலு பேர் சேர்ந்தால் அது வண்ணார்பேட்டை டீக்கடையில்தான் முடியும். மாவட்ட மைய நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பரை வைத்துக்கொண்டு, ஃப்ரேசல் வெர்ப்பைப் பக்கத்துச் சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதுவேன். அப்புறம் வீட்டு ஆட்களை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். எங்கள் ஆச்சி அதில் சொல்லாத பொய் இல்லை.

'டேக் இன்' என்பதும் இப்படித்தான். ஆளை என்றால் அடைக்கலம், பேண்ட்டை என்றால் டைலர் பிடிப்பது, செய்தியை என்றால் மனதில் வாங்குவது, வாஸ் டேக்கன் இன் பை-க்குப் பின்னால் பொய், நடிப்பு வந்தால் ஏமாந்தது.

நேரமில்லாதவர்கள் இந்த இரண்டோடு புட் அப், டேக் ஆஃப் மட்டும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். மீதியை விடுங்கள், கணக்குப் பகுதியான குவான்ட்டுக்கும் நேரம் வேண்டுமே.